கரிமங்கலத்தில் 70 ஃபோர் ஸ்ட்ரோக் க்ளோ இன்ஜின்: மேலே ஏறும்போது திணறல், ஐட்லிங்கில் நின்றுவிடுகிறது

கரிமங்கலத்தான்

எல்லோருக்கும் வணக்கம். ரிமோட் மாடல் விமானங்களில் இதுவரை டூ ஸ்ட்ரோக் 46 (0.46 கன அங்குல இன்ஜின்) மட்டுமே ஓட்டிப் பழகியவன். இப்போதுதான் ஃபோர் ஸ்ட்ரோக் பக்கம் வந்திருக்கிறேன். இன்ஜின் ஓ.எஸ். எஃப்.எஸ்-70 சர்பாஸ். பெங்களூரில் ஒருவர் பறப்பதை விட்டுவிட்டதால் செகண்ட் ஹேண்டில் கிடைத்தது. பால்சாவில் நானே கட்டிய ஹை விங் டிரெய்னரில் மாட்டியிருக்கிறேன். ப்ராப் (ப்ரொப்பெல்லர்) 13×6, அதாவது 13 அங்குல நீளம், 6 அங்குல பிட்ச். எரிபொருளில் 10 சதவீதம் நைட்ரோ, 18 சதவீதம் எண்ணெய். க்ளோ பிளக் டைப் எஃப்.

நீடில் (எரிபொருள் அளவை வைக்கும் திருகு) செட்டிங்கை ஒசூரில் நண்பர்களோடு விடியற்காலையில் பார்த்தோம். சத்தம் கேட்க அவ்வளவு அருமையாக இருந்தது. அதே செட்டிங்கோடு எங்கள் ஊர் ஏரிக்குக் கொண்டு வந்தேன். ஏரி வறண்டு தரை நன்றாக இறுகிக் கிடக்கிறது, ஓடுதளத்துக்குக் குறைவில்லை. மத்தியான வெயிலில் பறக்கவிட்டேன்.

டேக்ஆஃப் பிரமாதம். ரெண்டு மூணு நிமிஷம் கழித்து மூக்கைத் தூக்கி ஏற்றினால் சத்தம் தொய்கிறது, ஆர்.பி.எம். இறங்குகிறது. லெவலுக்கு வந்தால் திரும்ப எடுக்கிறது. இறங்க வரும்போது த்ராட்டிலைக் குறைத்தால் பொட்டென்று நின்றுவிடுகிறது. போன வாரம் தரையில் ஃபுல் த்ராட்டிலில் பிடித்திருந்தபோது 'டக்' என்று ஓர் அடி, ப்ராப் நட் தளர்ந்துவிட்டது. அதன் மேல் லாக் நட் இருந்ததால் ப்ராப் கழன்று போகவில்லை.

எந்த நீடிலைத் திருப்ப வேண்டும், எவ்வளவு?

ஒசூர் கிளைடர்

தம்பி, எனக்குத் தெரிந்து இது உயர வித்தியாசம். ஒசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர். உங்கள் ஊர் 500-க்கும் கீழே. கீழே வரவரக் காற்று அடர்த்தி கூடும், அதே நீடிலில் கலவையில் எரிபொருள் பங்கு குறைந்து லீன் ஆகிவிடும். ஃபுல் த்ராட்டிலுக்கான ஹை நீடிலை நாலைந்து கிளிக் (திருகின் படி) திறந்து பாருங்கள், சரியாகிவிடும்.

தருமபுரி பௌதிகம்

கிளைடர் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம்.

ஒசூரில் காற்றழுத்தம் சுமார் 910 ஹெக்டோபாஸ்கல், கரிமங்கலம் உயரத்தில் 957 போல இருக்கும். அழுத்தத்தால் மட்டும் 5 சதவீதம் அடர்த்தி கூடும். தம்பி அங்கே ட்யூன் செய்தது விடியற்காலை, 20 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். இங்கே பறந்தது மத்தியானம், 36 டிகிரி. வெப்பம் 3 டிகிரி கூடினால் அடர்த்தி 1 சதவீதம் குறையும். ஆக 16 டிகிரிக்கு 5 சதவீதம் குறைந்துவிட்டது. கூடியதும் குறைந்ததும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டன. விடியற்காலை ஒசூர்க் காற்றும் மத்தியானக் கரிமங்கலக் காற்றும் அடர்த்தியில் ஏறக்குறைய ஒன்றுதான்.

இரண்டு ஊரிலும் விடியற்காலையிலேயே ஓட்டினால் கதை வேறு. அப்போது இங்கே 3, 4 சதவீதம் அடர்த்தி கூடுதலாக இருக்கும். அதிலும் நம் கார்ப் (கார்புரேட்டர்) வென்ச்சூரியில், அதாவது காற்று நுழையும் குறுகலான கழுத்தில், அடர்த்தி மாற்றத்தில் பாதியளவுதான் கலவையில் தெரியும். ஏனென்றால் காற்று அடர்ந்தால் வென்ச்சூரியின் உறிஞ்சலும் கூடி எரிபொருளையும் கொஞ்சம் அதிகம் இழுத்துக்கொள்கிறது. அதனால் ஓரிரு கிளிக்கில் முடிந்துவிடும் விஷயம் அது. ப்ராப் நட்டைத் தளர்த்தும் அளவுக்குப் போகாது.

கோளாறு வேறு எங்கோ இருக்கிறது.

சிப்காட் லேத்

தம்பி, முதலில் ஒன்று. நட் தளர்ந்த அந்த செட்டிங்கில் இனி ஃபுல் த்ராட்டில் வைக்காதீர்கள். ஃபோர் ஸ்ட்ரோக் லீனில் அடித்தால் ப்ராப்பை முன்னால் எறியும். ப்ராப்புக்கு நேர் முன்னாலும் பக்கவாட்டிலும் யாரும் நிற்கக் கூடாது. நீடிலைத் திருப்புவது எப்போதும் இன்ஜினுக்குப் பின்னால் இருந்துதான்.

கேட்க வேண்டியவற்றைக் கேட்கிறேன், பதில் சொல்லுங்கள். டேங்க்கின் நடுமட்டம் கார்ப் ஸ்ப்ரே பாருக்கு (கார்பில் எரிபொருள் வெளிவரும் குழாய்) மேலா, கீழா? ட்யூன் செய்தபோது டேங்க் முழுசா இருந்ததா, பாதியா? டாக்கோமீட்டர் (ஆர்.பி.எம். அளக்கும் கருவி) வைத்துப் பார்த்தீர்களா, காதால் கேட்டா? வாங்கியபின் வால்வு கேப் (வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் உள்ள இடைவெளி) பார்த்தீர்களா? கையால் ப்ராப்பைச் சுற்றும்போது கம்ப்ரஷன் எப்படி இருக்கிறது?

ராயக்கோட்டை

இவ்வளவு சிரமம் எதற்கு? ஒரு 4 செல் லிப்போ பேட்டரி, ஒரு பிரஷ்லெஸ் மோட்டார் போட்டால் வேலை முடிந்தது. நான் மாறிப் பல வருஷம் ஆகிறது, திரும்பிப் பார்க்கவே இல்லை.

கரிமங்கலத்தான்

ராயக்கோட்டை அண்ணா, என்னிடமும் ஒரு எலக்ட்ரிக் ஃபோம் விமானம் இருக்கிறது, அதுவும் பிடிக்கும். ஆனால் இந்த இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது வரும் சத்தத்துக்காகவே இதை வாங்கினேன். விளக்கெண்ணெய்ப் புகை வாசம் வேறு. இதைச் சரியாக ஓட்டிக் காட்ட வேண்டும் என்று மனசு கேட்கிறது.

லேத் அண்ணாவுக்கு: டேங்க் கார்புக்கு மேலே இருக்கிறது. ஃபயர்வாலில் (இன்ஜின் மாட்டும் பலகை) இடம் பற்றாமல் தூக்கி வைத்தேன், ஒன்றரை சென்டிமீட்டர் போல உயரம். ட்யூன் செய்தபோது டேங்க் முழுசாக இருந்தது. டாக்கோ இல்லை, காதால்தான் கேட்டோம். டூ ஸ்ட்ரோக்கில் சத்தம் உடையும் இடம் நன்றாகத் தெரியும், அதே பழக்கத்தில் செய்தோம். வால்வு கவர் திறக்கவே இல்லை. கம்ப்ரஷன் கொஞ்சம் மெத்தென்றுதான் இருக்கிறது. செகண்ட் ஹேண்ட் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

சிப்காட் லேத்

பாதி விடை வந்துவிட்டது.

டேங்க்கைப் பார்ப்போம். டேங்க் மேலே இருந்தால் முழுசாக இருக்கும்போது எரிபொருள் தன் எடையிலேயே கார்புக்குள் இறங்கும், கலவையில் எரிபொருள் கூடி ரிச் ஆகும். அந்த நேரத்தில் நீடிலை மூடிச் 'சரியான' சத்தத்துக்குக் கொண்டு வந்தீர்கள். பறக்கப் பறக்க மட்டம் இறங்குகிறது, கலவை லீன் ஆகிக்கொண்டே போகிறது. ரெண்டு மூணு நிமிஷம் கழித்துத் திணறல் தொடங்குவது அதனால்தான். மூக்கைத் தூக்கினால் டேங்க் இன்ஜினுக்குக் கீழே போய்விடும், எரிபொருளை உறிஞ்சி மேலே இழுக்க வேண்டும், இன்னும் லீன். ஃபோர் ஸ்ட்ரோக்கில் மஃப்ளர் பிரஷர் டூ ஸ்ட்ரோக் அளவுக்கு இருக்காது, அதனால் டேங்க் மட்டம் தப்பினால் இது சீக்கிரம் காட்டிக்கொடுத்துவிடும். டேங்க்கின் நடுக்கோடு ஸ்ப்ரே பாருக்கு நேராகவோ ஐந்து பத்து மில்லிமீட்டர் கீழேயோ வர வேண்டும். ஃபயர்வாலில் வெட்டியாவது இறக்கிவிடுங்கள். அதைச் செய்யாமல் நீடிலைத் தொடுவது வீண்.

அப்புறம் சத்தம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் டூ ஸ்ட்ரோக்கிலிருந்து வருகிற எல்லோரும் இங்கேதான் வழுக்குகிறார்கள். டூ ஸ்ட்ரோக் ரிச்சாக ஓடும்போது ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று எரியும். நீடிலை மூடிக்கொண்டே வந்தால் ஒவ்வொரு சுற்றும் எரியத் தொடங்கும், சத்தம் சட்டென்று ஒரு மடங்கு ஏறும். அந்த உடைப்பை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு ட்யூன் செய்யலாம். ஃபோர் ஸ்ட்ரோக் எப்படியும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் எரியும். ரிச்சிலிருந்து லீன் வரை சத்தம் வழுவழுவென்று ஏறுமே தவிர எங்கேயும் உடையாது. காதுக்கு மிக இனிமையாகக் கேட்கும் இடம் பெரும்பாலும் உச்சத்தைத் தாண்டிய லீன் பக்கம். அங்கே வைத்துவிட்டுத்தான் எல்லோரும் பறக்கப் போகிறார்கள். காதை நம்பாதீர்கள், டாக்கோ வாங்குங்கள்.

மெத்தென்ற கம்ப்ரஷனும் ஐட்லிங்கில் நிற்பதும் சேர்ந்து வந்தால் என் சந்தேகம் வால்வு கேப் மேல். இன்ஜின் முழுசாக ஆறியிருக்கும்போது பாருங்கள், ஓட்டிய அன்றே பார்க்க வேண்டாம். பிளக்கைக் கழற்றாதீர்கள், கம்ப்ரஷன் கையில் தெரிய வேண்டும். ராக்கர் கவரைக் கழற்றி, ப்ராப்பை ஓடும் திசையிலேயே மெதுவாகச் சுற்றுங்கள். இன்டேக் வால்வு இறங்கி மேலே வந்ததும் கையில் கம்ப்ரஷன் கனம் தெரியும். அந்தக் கனத்தின் உச்சியில் நிறுத்தினால் இரண்டு ராக்கரும் சும்மா இருக்கும் நிலை. எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக்கின் உச்சியில் நிறுத்திவிட்டால் எல்லா அளவும் தப்பு. புல்லட்டுக்கு டாப்பெட் வைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல, சைஸ்தான் சின்னது.

அளவு 0.04 முதல் 0.10 மில்லிமீட்டர். 0.04 தகடு நுழைய வேண்டும், 0.10 நுழையக் கூடாது. இன்ஜினோடு வரும் தகடு இல்லையென்றால் மெக்கானிக் ஃபீலர் கேஜ் செட்டில் 0.05 இருக்கும், அது போதும். லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்க்ரூவைத் திருப்பி அளவு வைத்து, ஸ்க்ரூ அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்குங்கள். இறுக்கியபின் திரும்ப அளக்க வேண்டும். நட் இறுகும்போது கேப் மாறிவிடும், இதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள்.

கரிமங்கலத்தான்

பார்த்தேன் அண்ணா. காவேரிப்பட்டணத்தில் பைக் பட்டறை வைத்திருக்கும் என் மாமாவிடம் ஃபீலர் கேஜ் வாங்கிக்கொண்டு வந்தேன், 0.05 தகடு இருந்தது.

இன்டேக்கில் 0.05 சுலபமாகப் போனது, 0.10 போகவில்லை. எக்ஸாஸ்ட்டில் 0.05 நுழையவே இல்லை. ராக்கரை விரலால் ஆட்டினால் துளிகூட ஆட்டம் இல்லை, சுத்தமாக இறுகி உட்கார்ந்திருந்தது. ஸ்க்ரூவை மிகக் கொஞ்சம், கடிகார முள் அஞ்சு நிமிஷம் நகரும் அளவுகூட இருக்காது, தளர்த்தியதுமே தகடு லேசான பிடியோடு உள்ளே போனது. நட்டை இறுக்கியதும் திரும்பப் பிடித்துக்கொண்டது, மறுபடி வைத்தேன். இப்போது ப்ராப்பைச் சுற்றினால் உச்சியில் கையைத் தள்ளுகிறது. இதே இன்ஜினா என்று இருக்கிறது.

ராக்கரைச் சுற்றிப் பழுப்பாக எண்ணெய் படிந்திருந்தது, துடைத்துவிட்டேன். டேங்க்கை இறக்கும் வேலை நடக்கிறது.

ஒரு கேள்வி. இதில் ஸ்பார்க் இல்லை, டைமிங் என்று ஒன்று இல்லை. பின்னே லீன் ஆனால் ஏன் 'டக்' என்று அடிக்கிறது?

தருமபுரி பௌதிகம்

நல்ல கேள்வி. டைமிங் இல்லை என்று சொல்ல முடியாது, டைமிங்கை வைக்க நம் கையில் ஒரு திருகு இல்லை, அவ்வளவுதான்.

பிளக்கில் இருக்கும் கம்பிச் சுருளில் பிளாட்டினம் இருக்கிறது. தொடங்கும்போது பேட்டரியால் சூடாக்குகிறோம். ஓடத் தொடங்கியபின் எரிந்த வெப்பமும், மெத்தனால் ஆவி பிளாட்டினத்தின் மேல் படும்போது நடக்கும் வினையும் சேர்ந்து சுருளைச் சிவப்பாகவே வைத்திருக்கின்றன. கலவை எந்தக் கணத்தில் பற்றும் என்பதைச் சுருளின் சூடு, கம்ப்ரஷன், நைட்ரோ அளவு, ப்ராப்பின் பாரம், கலவையின் அடர்த்தி எல்லாம் சேர்ந்து முடிவு செய்கின்றன. ஃபோர் ஸ்ட்ரோக்கில் பிளக்குக்கு இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் நெருப்பு, நடுவில் ஆறிவிடும். அதற்காகத்தான் டைப் எஃப் மாதிரி சூடான பிளக்.

மெத்தனால் ஆவியாகும்போது நிறைய வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். அதிலும் பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று வேண்டிய இடத்தில் மெத்தனாலுக்கு 6.4 பங்குதான், அதாவது ஒவ்வொரு மூச்சிலும் நிறைய எரிபொருள் உள்ளே போய் உள்பக்கத்தைக் குளிர வைக்கிறது. லீன் ஆனால் அந்தக் குளிர்ச்சி குறையும், எல்லாம் சூடேறும், பிஸ்டன் மேலே வருவதற்கு முன்பே பற்றிக்கொள்ளும். மேலே வந்துகொண்டிருக்கும் பிஸ்டனை வெடிப்பு கீழே தள்ளப் பார்க்கிறது. கிராங்க் ஒரு நொடியின் துண்டில் தயங்குகிறது, ப்ராப்போ தன் வேகத்திலேயே முன்னே போகப் பார்க்கிறது. நட் தளர்வது அங்கேதான். பெரிய ப்ராப், கூடுதல் நைட்ரோ, மத்தியான வெயில் மூன்றும் இதைத் தூண்டும். மருந்து கொஞ்சம் ரிச்சாக வைப்பது. அப்படியும் அடித்தால் பிட்ச் குறைந்த ப்ராப், அல்லது நைட்ரோ குறைந்த எரிபொருள்.

இந்த வகை இன்ஜின்கள் பொழுதுபோக்கு விமானங்களுக்குப் பரவலாக வந்தது 1976-இல் ஓ.எஸ். தன் எஃப்.எஸ்-60ஐ விற்கத் தொடங்கியபின்தான். நான் மாணவனாக இருந்தபோது பத்திரிகையில் படம் பார்த்தே ஆசைப்பட்டது. தம்பி கையில் ஒன்று இருப்பது எனக்கு மகிழ்ச்சி.

சிப்காட் லேத்

சார் காரணம் சொல்லிவிட்டார், நான் கை வேலையைச் சொல்கிறேன்.

விமானத்தின் வாலைக் கட்டிப்போடுங்கள். ஹை நீடிலை மூடி, அங்கிருந்து இரண்டரை சுற்றுப் போலத் திறந்து ஸ்டார்ட் செய்யுங்கள், பெரும்பாலும் ரிச் பக்கமே இருக்கும். கையால் ப்ராப் தட்டாதீர்கள், கிக் பேக் விரலை வாங்கிவிடும். எலக்ட்ரிக் ஸ்டார்ட்டர் வைப்பதற்கு முன் ப்ராப்பைக் கையால் இரண்டு சுற்று சுற்றிப் பார்த்துவிடுங்கள். சோக் அதிகமாகி சிலிண்டரில் திரவமாக எரிபொருள் நின்றால் ஸ்டார்ட்டர் கனெக்டிங் ராடை வளைத்துவிடும்.

பாதி த்ராட்டிலில் நன்றாகச் சூடேறட்டும். பிளக் ஹீட்டரை எடுத்துவிடுங்கள். ஃபுல் த்ராட்டிலுக்குப் போய், டாக்கோவைப் பார்த்தபடி ஹை நீடிலை ஒவ்வொரு கிளிக்காக மூடுங்கள். ஒவ்வொன்றுக்கும் நாலைந்து நொடி கொடுங்கள், ஃபோர் ஸ்ட்ரோக் மெதுவாகத்தான் பதில் சொல்லும். எண் ஏறுவது நிற்கும் இடம் உச்சம். அங்கே நிற்காதீர்கள். உடனே திறந்து 200 முதல் 300 ஆர்.பி.எம். குறைந்த இடத்தில் வையுங்கள்.

அப்புறம் மூக்கைத் தூக்கும் சோதனை. ஒருவர் விமானத்தை உறுதியாகப் பிடித்து, ஃபுல் த்ராட்டிலில் மூக்கைச் செங்குத்தாகத் தூக்கிப் பத்து நொடி வைத்திருக்க வேண்டும். எண் கொஞ்சம் ஏறினாலும் அப்படியே நின்றாலும் சரி. இறங்கினால் இன்னும் ரெண்டு கிளிக் திற. டேங்க் கால்வாசிக்கு வந்தபின் இதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். வானத்தில் நடக்கப்போவதை இது தரையிலேயே காட்டிவிடும்.

ஹை நீடில் முடிந்த பிறகே லோ நீடில். ஐட்லிங்கில் பத்துப் பதினைந்து நொடி விட்டு, த்ராட்டிலைச் சட்டென்று திறங்கள். புகையைக் கக்கி, குளறிக்கொண்டே எடுத்தால் ரிச். திறந்த கணமே புகையில்லாமல் அணைந்தால் லீன். உங்கள் இன்ஜினில் ஸ்க்ரூவை உள்ளே திருப்பினால் லீன். சில பழைய கார்புகளில் லோ நீடிலுக்குப் பதில் காற்றுத் துளை ஸ்க்ரூ இருக்கும், அதில் நேர்மாறு. ஒரு தடவைக்கு எட்டில் ஒரு பங்கு சுற்றுக்கு மேல் திருப்பக் கூடாது. லோ நீடிலை மாற்றியபின் ஹை நீடிலை ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

பென்னாகரம்

அண்ணா, இடையில் ஒரு சந்தேகம். நைட்ரோ எரிபொருள் வாங்குவதே பெரும்பாடாக இருக்கிறது. மெத்தனாலும் விளக்கெண்ணெயும் 80-க்கு 20 கலந்து இந்த இன்ஜினில் ஊற்றலாமா? எங்கள் பக்கம் ஆமணக்கு உண்டு, வீட்டில் காய்ச்சிய எண்ணெயே இருக்கிறது.

அரூர் ஆய்வகம்

நான் வேதியியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன், இதற்கு நான் பதில் சொல்கிறேன்.

கலவை சரிதான், நைட்ரோ இல்லாமலும் ஃபோர் ஸ்ட்ரோக் ஓடும். ஐட்லிங் நைட்ரோ இருக்கும் அளவுக்கு நிதானமாக இருக்காது, ஹை நீடிலைக் கொஞ்சம் மூட வேண்டி வரும். ஆனால் வீட்டில் காய்ச்சிய எண்ணெய் வேண்டாம். வறுத்து இடித்துத் தண்ணீரில் கொதிக்கவைத்து எடுக்கும் எண்ணெயில் ஈரமும் பிசினும் தங்கிவிடும். ஈரம் இருந்தால் ஐட்லிங் கெடும், பேரிங் துருப்பிடிக்கும். பிசின் வால்வு ஸ்டெம்மில் பழுப்பாக அப்பிக்கொள்ளும். குளிர்ந்த முறையில் பிழிந்து பிசின் நீக்கிய விளக்கெண்ணெய்தான் இதற்கு. ஃபோர் ஸ்ட்ரோக்கில் பாதி சிந்தெடிக், பாதி விளக்கெண்ணெய் என்று கலந்தால் வால்வுகள் இன்னும் சுத்தமாக இருக்கும். எந்தக் காரணத்துக்காகவும் பைக் இன்ஜின் ஆயில் ஊற்றாதீர்கள், மினரல் ஆயில் மெத்தனாலில் கரையாது. சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது, அந்த அளவுக்கு இது நம் பக்கத்துப் பயிர். இருந்தாலும் நாட்டின் விளைச்சலில் பெரும்பங்கு குஜராத்தில்தான்.

இப்போது நான் அழுத்திச் சொல்ல வேண்டியது மெத்தனாலைப் பற்றி. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60 பேருக்கு மேல் இறந்தார்கள். அதே பொருள்தான் இது. கொஞ்சம் குடித்தாலே கண் போகும், உயிர் போகும். தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போகும். தமிழ்நாட்டில் மெத்தனாலை வாங்கவும் வைத்திருக்கவும் உரிமம் வேண்டும். யாரோ தெரிந்தவர் கேனில் கொடுத்தார் என்று வாங்கி வீட்டில் வைக்காதீர்கள். உரிமம் உள்ள இடத்தில் கலந்து, லேபிளோடு விற்கும் எரிபொருளாகவே வாங்குங்கள். தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது, ஏரிக்கரையில் விளையாட வரும் பிள்ளைகள் எடுத்துக் குடித்துவிடுவார்கள்.

இன்னொன்று, மெத்தனால் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. காற்றில் அனல் அலையலையாக ஆடுவது மட்டும்தான் தெரியும். களத்தில் ஒரு வாளித் தண்ணீரும் ஈரச் சாக்கும் பக்கத்தில் இருக்கட்டும். மெத்தனால் தண்ணீரில் கலந்துவிடும், அதனால் நிறையத் தண்ணீர் ஊற்றினால் அணையும்.

பென்னாகரம்

அக்கா, நன்றி. காய்ச்சிய எண்ணெய் யோசனையை விட்டுவிட்டேன். லேபிளோடு வரும் எரிபொருளே வாங்கிக்கொள்கிறேன்.

கரிமங்கலத்தான்

டேங்க் இறங்கிவிட்டது, நடுக்கோடு ஸ்ப்ரே பாருக்கு அஞ்சு மில்லிமீட்டர் கீழே. டாக்கோமீட்டர் ஒன்றும் வாங்கிவிட்டேன். அது சரியாகக் காட்டுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தருமபுரி பௌதிகம்

வீட்டில் பழைய சோக் வைத்த டியூப் லைட் இருந்தால் டாக்கோவை இரண்டு பிளேடு என்று வைத்து அதன் பக்கம் நீட்டுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 முறை மின்னும். இரண்டு பிளேடுக்கு அது நிமிஷத்துக்கு 3,000 சுற்று. 3,000 காட்டினால் கருவி சரி. புது எல்.இ.டி. பல்புகள் பலவற்றில் இது வேலை செய்யாது.

கரிமங்கலத்தான்

3,000 காட்டியது சார்! மின்விசிறி ஓடும்போது கருவியை அதன் பக்கம் திருப்பிவிட்டேன், குழம்பிவிட்டது. விசிறியை நிறுத்தியபின் அசையாமல் நின்றது.

ஏரியில் மத்தியானம் ஓட்டினேன். உச்சம் 9,700. அங்கே சத்தம் அவ்வளவு கூர்மையாக, கேட்க ஆசையாக இருந்தது. இதைத்தான் நாங்கள் ஒசூரில் பிடித்து வைத்திருந்தோம் போல. லேத் அண்ணா சொன்னபடி திறந்து 9,400-இல் வைத்தேன். சத்தம் கொஞ்சம் தடிப்பாகிவிட்டது, எக்ஸாஸ்ட்டில் மெல்லிய வெள்ளைப் புகைக் கோடு நிற்கிறது. மூக்கைத் தூக்கியபோது 9,400-லிருந்து கொஞ்சம் ஏறி நின்றது. டேங்க் கால்வாசியில் செய்தபோதும் இறங்கவில்லை.

லோ நீடில் ரிச்சாக இருந்தது. த்ராட்டில் திறந்தால் 'குளுகுளு' என்று இருமிவிட்டு எடுத்தது. கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே திருப்பி, சுத்தமாக எடுக்கும் இடத்தில் விட்டேன். ஐட்லிங் 2,200-இல் நிற்கிறது. பறக்கவிட்டு, டேங்க் கடைசி வரை ஏற்றியும் இறக்கியும் பார்த்தேன். எங்கேயும் தொய்யவில்லை. இறங்கி ஓடி நின்றபிறகும் இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது, நானாகத்தான் நிறுத்தினேன்.

எக்ஸாஸ்ட் வால்வு இவ்வளவு நாள் முழுசாக மூடாமல் ஓடியிருக்கிறது. உள்ளே கெட்டிருக்குமா?

சிப்காட் லேத்

கம்ப்ரஷன் கையைத் தள்ளுகிறது, ஐட்லிங் நிற்கிறது என்றால் சீட் நன்றாகத்தான் இருக்கிறது. திறந்து பார்க்கத் தேவையில்லை. ஒரு மணி நேரம் ஓடியபின் கேப்பை ஒருமுறை பாருங்கள். மாறாமல் இருந்தால் அப்புறம் சீசனுக்கு ஒருமுறை பார்த்தால் போதும். எக்ஸாஸ்ட் கேப் தானாகவே திரும்ப இறுகிக்கொண்டே போனால் வால்வு தேய்ந்து சீட்டுக்குள் இறங்குகிறது என்று அர்த்தம், அப்போது பார்த்துக்கொள்வோம்.

ப்ராப் நட்டைப் பறப்பதற்கு முன் ஒவ்வொரு முறையும் ஸ்பானர் போட்டுப் பாருங்கள். மர ப்ராப் என்றால் வெயில் காலத்தில் மரம் சுருங்கும், இன்னும் கவனம்.

ஒசூர் கிளைடர்

வாழ்த்துகள் தம்பி. சாரின் கணக்கு எனக்கும் புதுசு, நானும் இனி இடம் மாறினால் வெப்பமும் சேர்த்துப் பார்க்கிறேன்.

ஒரு விஷயம் எல்லோருக்கும். 2021 ட்ரோன் விதிகள் மாடல் விமானங்களுக்கும் பொருந்தும். 25 கிலோவுக்குள், பொழுதுபோக்குக்கு, கண் பார்வைக்குள் என்றால் மாடல் வகை. பறக்கும் முன் அரசின் டிஜிட்டல் ஸ்கை வான்வெளி வரைபடத்தில் உங்கள் இடம் பச்சை மண்டலமா என்று பார்த்துவிடுங்கள். எங்கள் பக்கம் பேலகொண்டப்பள்ளியில் விமான ஓடுதளம் இருப்பதால் நாங்கள் இதில் எப்போதும் ஜாக்கிரதை.

கரிமங்கலத்தான்

பார்த்துவிட்டேன் அண்ணா, எங்கள் ஏரி பச்சையில்தான் வருகிறது.

கடைசியாக ஒன்று. அடுத்த வாரம் அக்கா கல்யாணம், ஒரு மாசம் போல இன்ஜினைத் தொட முடியாது. அப்படியே வைத்துவிடலாமா? கீழே இருக்கும் சின்னக் குழாய் வழியாகக் கறுப்பு எண்ணெய் சொட்டிக்கொண்டே இருக்கிறது, அதை அடைத்துவிட்டால் விமானம் அழுக்காகாது இல்லையா?

சிப்காட் லேத்

அதை அடைக்கவே கூடாது. அது பிரீதர். பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கும் எண்ணெய்தான் கேமுக்கும் பேரிங்குக்கும் உயவு, மிச்சம் அந்த வழியாக வெளியே வருகிறது. அடைத்தால் கிராங்க் கேஸில் அழுத்தம் ஏறும். அழுக்கு பிடிக்கவில்லையென்றால் ஒரு சிலிகான் குழாய் போட்டு விமானத்தின் அடிப்பக்கம் வரை நீட்டிவிடுங்கள்.

ஒரு மாசம் வைப்பதாக இருந்தால் அப்படியே வைக்காதீர்கள். எரிந்த மிச்சத்தில் ஈரமும் அமிலமும் இருக்கும், முதலில் பின் பேரிங்தான் துருப்பிடிக்கும். அன்றைய கடைசி ஓட்டத்தில் த்ராட்டிலைக் குறைத்து நிறுத்தாமல், எரிபொருள் குழாயைக் கழற்றி, கார்பில் இருப்பது தீரும் வரை ஐட்லிங்கில் ஓடவிடுங்கள். பிளக் ஹீட்டரை வைத்து இன்னும் ரெண்டு மூணு முறை எடுக்கப் பாருங்கள், மிச்சமும் எரிந்துவிடும். சூடு ஆறுவதற்கு முன் பிரீதர் வழியாக ஆஃப்டர் ரன் ஆயில் சில சொட்டு, கார்ப் வழியாகச் சில சொட்டு விட்டு, ப்ராப்பைக் கையால் சுற்றி எல்லா இடத்துக்கும் பரவவிடுங்கள். மூக்கு கீழே பார்க்கும்படி தொங்கவிடாமல் கிடையாக வையுங்கள். எடுக்கும்போது ஸ்டார்ட்டர் வைப்பதற்கு முன் அந்த எண்ணெய் சிலிண்டரில் நிற்கிறதா என்று கையால் சுற்றிப் பார்த்துவிடுங்கள்.

அக்காவுக்கு எங்கள் வாழ்த்துகள்.